வெங்காயக் குரலும் ஒரு நார்ப் பொத்தானும்

மைசூரில் ரயில்வே பணிமனையைச் சுற்றியுள்ள தெருக்காரர்களுக்கு என் முகம் தெரியாது, குரல் தெரியும். தெரியும் என்றால் பிடிக்கும் என்று அர்த்தமில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நேரமாகப் பார்த்து, "வெங்காயம், ஈருள்ளி, புது வெங்காயம், ஹொஸ ஈருள்ளி" என்று தமிழிலும் கன்னடத்திலும் மாறி மாறிக் கத்தியபடி ஒரு வண்டி போகுமே, அதைத் தள்ளிக்கொண்டு போகிறவர் வாயையே திறப்பதில்லை. கத்துவது நான். பூண்டு, பழைய பேப்பர், மிக்ஸி ரிப்பேர், கோயில் அன்னதானம், காணாமல்போன நாய் என்று இந்த ஊரில் நான் கூவாத பொருள் குறைவு.

அப்பா ரயில்வே வேலைக்காக இந்த ஊருக்கு வந்தவர். என் தொண்டையைக் கேட்டு, ஒருநாள் நான் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளன் ஆவேன் என்று நம்பினார். பாதி பலித்தது. ரயில் வருகிறது என்று சொல்ல வேண்டியவன் வெங்காயம் வருகிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். இப்போது எனக்கு ஒரு மைக் செட் கடை. கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் ஸ்பீக்கர் வாடகைக்குக் கொடுப்பேன்; பின்னால் ஒரு சின்ன அறையில் வண்டிக்காரர்களுக்குக் குரல் பதிந்து தருவேன். "வால்யூம் குமிழ் வைக்க மறந்துட்டுப் பெத்துட்டாங்க" என்பது என்னைப் பற்றி என் மனைவியின் கருத்து.

மழை முடிந்து தசராவுக்குத் தெருவிளக்குகளைச் சோதித்துக்கொண்டிருந்த நாட்களில் ஒரு அம்மாள் கடைக்கு வந்தார். தோளில் துணிப்பை, கையில் பெரிய மரமணி வளையல்.

"வெங்காய வண்டில இருக்குமே ஸார், அழுத்தினா பேசற பெட்டி, அது சின்னதா கிடைக்குமா?"

"கிடைக்கும் மேடம். என்ன விக்கறீங்க?"

"ஒண்ணும் விக்கல. ஒரு பாப்பாவைப் பேச வைக்கணும்."

கண் தெரியாத குழந்தைகளின் வீடுகளுக்கே போய்க் கற்றுக்கொடுக்கிற டீச்சர் அவர். அவர் சொன்ன பாப்பாவுக்கு ஏழு வயது. பிறவியிலேயே பார்வை இல்லை. தொண்டையில் சத்தம் வரும், சொல்லாக வராது. கைகால்கள் மெதுவாகத்தான் சொன்னபடி கேட்கும். காது மட்டும் அபாரம்.

"பேச முடியாத குழந்தைங்களுக்குப் பலகை இருக்கு ஸார். தண்ணி படத்தைத் தொட்டா தண்ணின்னு சொல்லும், சோறு படத்தைத் தொட்டா சோறுன்னு சொல்லும். எல்லாம் படம். படம் பார்க்கறவங்களுக்குத்தானே படம்? இவளுக்கு அது வழவழன்னு ஒரு கண்ணாடி, அவ்வளவுதான்."

இதுவரை நான் சும்மா தலையாட்டிக்கொண்டிருந்தேன். அடுத்து அவர் சொன்னதுதான் என்னை உட்கார வைத்தது. அந்தப் பாப்பாவை ஒரு பள்ளியில் சேர்த்திருந்தார்கள். அங்கே உப்பிட்டு, அதாவது நம் உப்புமா, ஊட்டிய ஆயாவுக்குக் குழந்தைக்கு வயிறு நிறைந்தது தெரியவில்லை. பாப்பாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரு வாய் கூடுதலாகப் போய்ப் புரையேறி, மூச்சுத் திணறி, பள்ளிக்கூடமே அலறிவிட்டது. தலைமையாசிரியை நல்ல பெண்மணிதான், ஆனால் பயந்துபோய்ப் பாப்பாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். 'போதும் என்று அவளாக, அம்மா பக்கத்தில் இல்லாமல், வேறு ஒருவருக்குச் சொல்லட்டும். மறுநாளே எடுத்துக்கொள்கிறேன். தசரா லீவு முடிந்ததும் கூட்டி வாருங்கள், பார்க்கிறேன்' என்று சொல்லியிருந்தார்.

"ஒரே ஒரு வார்த்தை ஸார்" என்றார் டீச்சர். "அதுக்குத்தான் உங்க பெட்டி."

நான் நெஞ்சை நிமிர்த்தினேன். "மேடம், பெட்டி என்ன பெட்டி. குரலும் நானே தரேன்."

அவர் என்னை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். என் குரல்வளத்தை வியக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

*

பாப்பாவின் அப்பா சென்ட்ரிங் வேலைக்காரர். தமிழ்நாட்டு எல்லையோரம் கௌதள்ளிப் பக்கம் சொந்த ஊர். ரிங் ரோட்டைத் தாண்டி, தகரக்கூரை போட்ட வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தார்கள். டீச்சர் எனக்கு முன்பே அங்கே போயிருந்தார். நான் என் பங்குக்குத் தயாராகப் போனேன். தயாராக என்றால், எக்கோ சேர்த்து, என் முழுத் தொண்டையில், மூன்று வாக்கியம் பதிந்து, கோயில் திருவிழாவுக்குக் கொடுக்கிற ஸ்பீக்கரில் ஒன்றை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு போனேன். சின்னப் பெட்டியில் சின்ன ஸ்பீக்கர் வைப்பது எங்கள் தொழிலுக்கே அவமானம் அல்லவா?

பாப்பா பாயில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு பின்னல், நெற்றியில் சாந்துப்பொட்டு. ஸ்பீக்கரை அறையின் மூலையில் வைத்துவிட்டு, பொத்தானை அவள் முன்னால் வைத்தேன். டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் நானே அழுத்திக் காட்டினேன்.

முதலில் "ஃபூ... ஃபூ..." என்று வந்தது. மைக்கில் ஊதிப் பார்த்துவிட்டுப் பேசுவது என் பிறவிக் குணம்; அதையும் சேர்த்தே பதிந்திருக்கிறேன். பிறகு தகரக்கூரை அதிர, "எனக்குத் தண்ணீர் வேண்டும்! தயவுசெய்து தண்ணீர் கொடுங்கள்! நன்றி!" என்று முழங்கியது.

பாப்பா தூக்கிவாரிப்போட்டு அம்மாவின் மடியில் விழுந்தாள். நாய் ஒன்று குரைத்தது. அடுத்து நடந்ததுதான் அழகு. வரிசை வீடுகளிலிருந்து பெண்கள் கையில் கூடையோடு வெளியே வந்துவிட்டார்கள்.

"வெங்காயம் எங்கீங்க? சத்தம் கேட்டுச்சு, வண்டியக் காணோம்?"

"வெங்காயம் இல்லக்கா, தண்ணின்னுதான் கேட்டுச்சு. கேன் தண்ணி போல இருக்குது."

டீச்சர் தலையில் கையை வைத்துக்கொண்டார். "அண்ணா, மைசூர்ல நின்னுக்கிட்டு, தமிழ்ல, இவ்வளவு சத்தமா, தண்ணி குடுங்க தண்ணி குடுங்கன்னு கத்தலாமா? காவேரி ஓடற ஊரு இது. யாராவது கல்லை எடுத்துட்டு வரப்போறாங்க."

அவர் சந்தோஷமாக இருந்தால் நான் 'ஸார்', கோபமாக இருந்தால் 'அண்ணா'. அந்த முதல் நாளில் நான் பெரும்பாலும் அண்ணாவாகவே இருந்தேன்.

பாப்பாவின் அம்மா மட்டும் எனக்காக வருத்தப்பட்டார். "பரவால்லீங்கண்ணா. கொரலு நல்லாத்தானுங்க இருக்குது. கொஞ்சம் பெருசா இருக்குது, அவ்வளவுதான்."

டீச்சர் பாப்பாவைப் பழையபடி உட்கார வைத்து, பொத்தானை அவளே அழுத்துமாறு செய்தார். அவள் அழுத்தினாள். "ஃபூ... ஃபூ..." என்றதும் சிரித்தாள். பிறகு முகத்தை மூலைக்குத் திருப்பி, கையையும் அந்தப் பக்கமே நீட்டினாள். பேசுகிறவர் அங்கேதானே இருக்கிறார்? பொத்தான் அவள் நினைவிலிருந்தே போய்விட்டது.

"பார்த்தீங்களா?" என்றார் டீச்சர். "அழுத்தினது இங்க, பேசறது அங்க. தான் அழுத்தினதாலதான் பேச்சு வந்ததுன்னு அவளுக்கு எப்படித் தெரியும்? கை இருக்கற எடத்துலயே சத்தம் பொறக்கணும். அழுத்தின நொடியிலயே பொறக்கணும். உங்க ஃபூ ஃபூவை வெட்டுங்க."

இத்தனை வருடம் ஸ்பீக்கர் கட்டுகிறேன். கூட்டத்தில் கடைசி ஆளுக்குக் கேட்கிறதா என்பதுதான் எங்கள் ஒரே கவலை. முதல் ஆளின் உள்ளங்கையில் சத்தம் பிறக்க வேண்டும் என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை.

*

அதன் பிறகு வாரத்தில் பாதி நாள் கடையைப் பூட்டிவிட்டு அங்கே போனேன். பெட்டி சரிசெய்ய என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் அந்த டீச்சர் வேலை செய்வதைப் பார்க்கப் போனேன்.

அவர் வீட்டுக்குள் நுழையும்போது பேச மாட்டார். வாசலில் நின்று மரமணி வளையலைக் குலுக்குவார். பாப்பாவின் முகம் விளக்குப் போட்டதுபோல் திரும்பும். அதுதான் அவளுக்கு டீச்சரின் பெயர். "திடீர்னு ஒரு கை வந்து தொட்டா யாருன்னு தெரியாது ஸார், பயமா இருக்கும். சத்தம் முன்னாடி போகணும். கை பின்னாடிதான் போகணும்."

கை போகிற விதமும் தனி. பாப்பாவின் கையைப் பிடித்து இழுத்து எதன் மேலும் வைக்க மாட்டார். தன் உள்ளங்கையை அவள் கைக்கு அடியில் கொடுப்பார். அவள் கை அதன்மேல் ஏறிக்கொள்ளும். டீச்சரின் கை மெல்ல நகரும், பொருளைத் தொடும். மேலே இருக்கிற சின்னக் கை எட்டிப் பார்க்கும். பிடித்தால் இறங்கித் தொடும். பிடிக்காவிட்டால் மேலேயே இருக்கும். கட்டாயமே இல்லை.

பிறகு காத்திருப்பார். இதுதான் எனக்கு உயிர்போகிற விஷயம். எங்கள் தொழிலில் சத்தம் நின்றது என்றால் வயர் அறுந்துவிட்டது என்று பொருள். எழுந்து போய் ஜாக்கை ஆட்டிப் பார்ப்போம். பாப்பா பொத்தானை நோக்கிக் கை நகர்த்துவதற்குள் நான் பத்துத் தடவை எழுந்து வயரை ஆட்டுவேன்.

"வயர் நல்லாத்தான் இருக்கு. ஸ்வல்ப உக்காருங்க அண்ணா."

உட்காருவேன். அந்த அமைதியில் டீச்சர் செத்துப்போன ஸ்பீக்கர் மாதிரி இருக்க மாட்டார். உடம்பு முழுவதும் காதாக இருப்பார். பாப்பாவின் மூச்சு மாறுவது, விரல் மடங்குவது, கழுத்து ஒரு நூல் திரும்புவது எல்லாம் அவருக்குப் பேச்சு. நான் கேட்ட மிகப்பெரிய மாநாட்டில்கூட யாரும் யாரையும் அப்படிக் கேட்டதில்லை.

புதிய பெட்டி செய்தேன். ஒரு பலகையில் மூன்று பெரிய பொத்தான்கள். ஒவ்வொன்றின் அடியிலும் அதற்கென்று ஒரு குட்டி ஸ்பீக்கர். தண்ணீர்ப் பொத்தானின் மேல் எவர்சில்வர் டம்ளரின் அடிப்பாகம், தொட்டால் சில்லென்று இருக்கும். சாப்பாட்டுப் பொத்தானின் மேல் கரண்டிக்காம்பு. 'போதும்' பொத்தானின் மேல், கால்மிதியிலிருந்து வெட்டிய தேங்காய்நார்த் துண்டு. சொரசொரவென்று, தொட்டவுடன் கை பின்வாங்குகிற மாதிரி.

குரல் என்னுடையதல்ல என்று முடிவாயிற்று. ஏழு வயதுப் பெண்குழந்தை தண்ணீர் கேட்டால் ஏலக்கடைக்காரர் குரலா வரும்? பக்கத்து வீட்டில் அவள் வயதிலேயே ஒரு வாயாடி இருந்தாள். அவளைக் கூப்பிட்டு மைக்கை நீட்டியதும், "ஹாய் ஃப்ரெண்ட்ஸ், வெல்கம் டு மை சேனல்" என்றாள். அதை வெட்டினோம். பிறகு டீச்சர் சொல்லிக்கொடுத்தார்: "போதும், ஸாக்கு."

"ஒரே அர்த்தம்தான மிஸ்? எதுக்கு ரெண்டு வாட்டி?"

"போதும் அவ காதுக்கு. கன்னடத்துல ஸாக்கு, ஸ்கூல் ஆயா காதுக்கு."

"அப்ப எனக்கு ரெண்டு மிட்டாய்" என்றாள் அந்த அரசியல்வாதி.

சாப்பாட்டுப் பொத்தானுக்கு மட்டும் என் கைவரிசையைக் காட்ட டீச்சரிடம் கெஞ்சி அனுமதி வாங்கினேன். என்னிடம் சத்தங்களின் களஞ்சியமே இருக்கிறது. அருமையான குக்கர் விசில் ஒன்றை எடுத்துச் சேர்த்தேன். சாப்பாடு என்றால் விசில். எந்த வீட்டில் இல்லை? பாப்பா அழுத்தினாள். விசில் அடித்தது. அவள் உதடு பிதுங்கி, விம்மி விம்மி அழ ஆரம்பித்துவிட்டாள்.

அவள் அம்மா பதறிப்போய் வாரி எடுத்தார். "விசில் அடிச்சா அவங்கப்பன் வேலைக்குப் போறாருன்னு அர்த்தமுங்க. விடியால சோறாக்கி டப்பாவுல போட்டுக் குடுத்தா அவரு கெளம்பிருவாரு. தெனமும் அதுக்கு அழுவா. அவ திங்கறப்ப குக்கரு எப்பவோ ஆறிப்போயிருக்குமுங்க."

ஊருக்கெல்லாம் சோறு என்று கேட்கிற சத்தம் இந்த ஒரு வீட்டில் பிரிவு என்று கேட்கிறது. என் களஞ்சியத்தை மூடி வைத்தேன். அவர்கள் வீட்டுத் தட்டில் அவர்கள் வீட்டுக் கரண்டி தட்டுகிற சத்தத்தை, அங்கேயே உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பதிந்தேன். என் வாழ்க்கையில் ஃபூ ஃபூ இல்லாமல் தொடங்கிய முதல் ஒலிப்பதிவு அது.

ஆனால் பாப்பா அதை மறக்கவில்லை. என் ஸ்கூட்டர் தெருமுனையில் திரும்பும்போதே உதட்டைக் குவித்து, "ஃபூ" என்று ஊதுவாள். "அண்ணன் வந்துட்டாருங்க" என்று அவள் அம்மா அதை மொழிபெயர்ப்பார். டீச்சருக்கு வளையல், எனக்கு ஃபூ. பெற்றோர் வைத்த பெயரைவிட எனக்கு இது பொருத்தமாகத்தான் இருக்கிறது.

*

தண்ணீர் சீக்கிரம் வந்துவிட்டது. சில்லென்ற டம்ளரைத் தேடிப்பிடித்து அழுத்துவாள்; "தண்ணி, நீரு" என்று அவள் கைக்கு அடியிலிருந்து ஒரு குட்டிக் குரல் வரும்; தண்ணீர் வரும். முதல் முறை அது நடந்தபோது, நான் தெருவுக்கு ஓடிப்போய் அறிவித்துவிட்டு வந்தேன். சாப்பாடும் வந்தது. அந்த நார்த்துண்டை மட்டும் அவள் தொடவே இல்லை. பள்ளிக்குத் தேவையோ அது ஒன்றுதான்.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் டீச்சர். ஒருநாள் அம்மா சோறு ஊட்டுவதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "இந்த வீட்டுல அவளுக்கு அந்த வார்த்தையே தேவைப்படல."

எனக்குப் புரியவில்லை. பார்க்கச் சொன்னார். பார்த்தேன். வயிறு நிறையும்போது பாப்பாவின் மோவாய் ஒரு பக்கமாகச் சாயும். நம் கண்ணுக்கு அது ஒன்றுமே இல்லை. அவள் அம்மாவின் கை அதற்குள் கிண்ணத்தைக் கீழே வைத்திருக்கும். சத்தம் அதிகமானால் கதவு சாத்தப்படும். வெயில் பட்டால் பாய் நகரும். வேண்டாம் என்று அவள் நினைத்து முடிப்பதற்குள் வேண்டாதது போய்விடும். அவ்வளவு அன்பான வீட்டில் போதும் என்று யாரிடம் சொல்வது, எதற்குச் சொல்வது?

"அப்ப என்னங்க டீச்சர் பண்றது? நான் நிறுத்தாம ஊட்டோணுமுங்களா?" என்றார் அம்மா. "அது என்னால ஆகாதுங்க."

"நீங்க வேண்டாம்மா. சாப்பாட்டுல இந்த விளையாட்டே பேடா." டீச்சர் மெல்ல என் பக்கம் திரும்பினார். கடையில் முதல் நாள் பார்த்தாரே, அதே பார்வை. "ஸார், நீங்க பாப்பா பக்கத்துல உக்காந்து அந்த வெங்காயம் வண்டி எல்லாம் சொல்லுங்க. அவளுக்குப் பிடிக்கும். அவ நிறுத்தச் சொல்ற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருங்க."

"அவ்வளவுதானா? பிரமாதமா பண்ணிடலாம்."

"அது தெரியும் ஸார். நிறுத்தத் தெரியாத ஒருத்தர் இதுக்கு வேணும்னு முதல் நாளே நினைச்சேன்."

என் குரல்வளத்தை வியந்த பார்வை என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேனே! அன்று இரவு இதைச் சொன்னதும் என் மனைவி, "அந்த டீச்சர் நல்லா இருக்கணும்" என்று மட்டும் சொன்னாள். சற்றுப் பொறுத்து, "அந்த நார்ப் பொத்தான் இன்னொண்ணு செய்ய ரொம்ப நேரம் ஆகுமா?" என்றாள்.

தினமும் போய் உட்கார்ந்து சொன்னேன். வெங்காயம் சொன்னேன், பூண்டு சொன்னேன், பழைய பேப்பர் சொன்னேன். பாப்பா முதலில் கொண்டாடுவாள். தொடையில் கைதட்டி ஆடுவாள். பிறகு அலுத்துப்போகும். மோவாய் சாயும். உடனே வாசலில் உட்கார்ந்திருக்கிற அம்மாவின் கை, என் வாயைப் பொத்த வருவதுபோல் தானாக மேலே எழும். டீச்சர் சைகையால் தடுப்பார். அம்மா அந்தக் கையை முந்தானைக்குள் சுற்றி வைத்துக்கொள்வார்.

"மனசு கேக்கமாட்டேங்குதுங்க டீச்சர். போதும்ங்கறா, எனக்குத் தெரியுது."

"உங்களுக்குத் தெரியும். ஸ்கூல்ல நீங்க இருக்க மாட்டீங்கல்ல?"

டீச்சரின் கை, பாப்பாவின் கைக்கு அடியில் நாரை நோக்கி நகரும். சின்னக் கை அதன்மேல் ஏறி வந்து, நாரை முகர்ந்ததுபோல் தொட்டுவிட்டுத் திரும்பிவிடும். என் தொண்டைதான் முதலில் நின்றது. இஞ்சியும் தேனும் குழைத்துச் சாப்பிட்டுக்கொண்டு போனேன். தசரா சமயத்தில் என் குரல் கட்டிப்போனதில் பல தெருக்கள் நிம்மதியாகத் தூங்கியதாகக் கேள்வி.

லீவு முடிந்தது. அவள் ஒருமுறைகூட அழுத்தியிருக்கவில்லை.

*

பள்ளியில் தலைமையாசிரியை எங்களை ஒரு சின்ன வகுப்பறையில் உட்கார வைத்தார். அம்மா வெளியே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அவர் ஜன்னலுக்கு வெளியே, குரலெடுக்காமல் நின்றார். தன் வளையல் சத்தமோ மூச்சோகூட மகளுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று, கண்ணாடி வளையல்களைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அதை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஆயா உப்பிட்டுக் கிண்ணத்தோடு பாப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். பாவம், பழைய சம்பவத்தின் பயம் அவர் கையிலும் இருந்தது. கரண்டியில் பாதிக்கும் குறைவாகவே அள்ளினார். பலகை பாப்பாவின் மடிக்கு முன்னால். டீச்சர் சற்றுத் தள்ளி, கைகளை மடியில் வைத்து, உடம்பெல்லாம் காதாக.

ஒரு வாய். இன்னொரு வாய். அறையில் சத்தமே இல்லை. தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு வயர் அறுந்துவிட்டது. யாராவது ஏதாவது பேசாவிட்டால் நான் வெடித்துவிடுவேன் போலிருந்தது.

"மேடம்" என்று ஆரம்பித்தேன், கன்னடத்தில். "இந்தப் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இதில் மூன்று ஸ்பீக்கர். ஒவ்வொன்றும் தனித்தனி. கை வைத்த இடத்திலேயே சத்தம் பிறக்கும். முதலில் நான் பெரிய ஸ்பீக்கர்தான் வைத்தேன், பிறகு பார்த்தால்..."

டீச்சர் கண்ணால் சுட்டார். எனக்குத் தெரிந்தது, ஆனால் நிற்கவில்லை. பதற்றத்தில் குரல் தானாக மேலே ஏறியது. பேட்டரி எத்தனை நாள் வரும், மழையில் நனைந்தால் என்ன செய்வது, வெங்காய வண்டிக்கும் இதற்கும் என்ன உறவு என்று நான் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஆயா கரண்டியைப் பாதியில் நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

பாப்பாவின் மோவாய் சாய்ந்தது. ஜன்னலுக்கு வெளியே இருந்த கை அசையவில்லை. டீச்சரும் அசையவில்லை. யாருமே ஒன்றும் செய்யாத அந்த இடத்தில், ஒரு சின்னக் கை பலகையின் மேல் ஊர்ந்தது. டம்ளரைத் தொட்டது, தாண்டியது. கரண்டிக்காம்பைத் தொட்டது, தாண்டியது. நாரின் மேல் வந்து நின்று, பலமாக அழுத்தியது.

"போதும், ஸாக்கு."

நான் 'பேட்டரி' என்ற சொல்லின் பாதியில் நின்றேன்.

தலைமையாசிரியை முன்னால் குனிந்தார். சாப்பாடு போதும் என்கிறாளா, என்று கேட்டார். டீச்சர் ஆயாவைப் பார்த்து, கரண்டியை மெல்லக் கிண்ணத்தில் தட்டிக் காட்டச் சொன்னார். ஆயா தட்டினார். பாப்பா வாயை ஆவென்று திறந்தாள். ஒரு வாய் உப்பிட்டு உள்ளே போனது. நிதானமாக மென்றாள்.

ஆக, போதும் என்று சொன்னது உப்பிட்டை அல்ல.

முதலில் சிரித்தது ஆயா. பிறகு டீச்சர். தலைமையாசிரியை சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல், கண்ணாடியை மறுபடி கழற்றினார். "இந்த ஸாரையே நிறுத்திவிட்டாள் என்றால் ஆயாவை நிறுத்த மாட்டாளா?" என்றார் கன்னடத்தில். நான் அவமானப்பட வேண்டிய இடம் அது. ஆனால் என் குரலால் நடந்த ஒரே நல்ல காரியம், அது நிறுத்தப்பட்டதுதான் என்று நினைத்தபோது நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன்.

இன்னும் சில வாய் போயிற்று. மோவாய் மறுபடி சாய்ந்தது. இப்போது கை தேடவில்லை, நேராக நாருக்குப் போயிற்று. "போதும், ஸாக்கு." ஆயா கரண்டியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, "ஆயித்தும்மா, ஆயித்து" என்று பாப்பாவின் கைக்கு அடியில் தன் கையைக் கொடுத்தார். டீச்சர் செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறார். ஜன்னல் பக்கம் திரும்பினேன். அங்கே முந்தானையில் முகம் புதைந்திருந்தது. தோள் மட்டும் குலுங்கியது. அப்போதும் ஒரு சத்தம் வெளியே வரவில்லை.

தலைமையாசிரியை எழுந்து போய் ஜன்னலைத் திறந்து, "நாளை காலை கூட்டி வாருங்கள்" என்றார்.

நான் மடக்கி வைத்த மைக் ஸ்டாண்டுபோல ஒரு மூலையில் ஒடுங்கிக்கொண்டிருந்தேன். இனி இந்த அறையில் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். அப்போது பாப்பா தலையை நிமிர்த்தினாள். அறையைக் காதால் துழாவினாள். உதட்டைக் குவித்தாள்.

"ஃபூ."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஸார்" என்றார் டீச்சர். "உங்களைத்தான் கூப்பிடறா."

நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, எனக்கே கேட்காத அளவுக்குச் சின்னதாக, "வெங்காயம், ஈருள்ளி..." என்று தொடங்கினேன். அவள் தொடையில் தாளம் போட்டாள். என் கண் முழுக்க, அந்த நார்த்துண்டுக்குப் பக்கத்தில் தயாராக இருந்த அவளுடைய இன்னொரு கையின் மேலேயே இருந்தது.